இணையத் தேசப்படங்களின் தோற்றமும் வளர்ச்சியும்: தொடக்கநிலையாளர் நிலைநின்று ஒரு நோக்கு

தேசப்படம் வரைதல் நெடுங்காலமாக அரசுகளின் கருமமாகவே இருந்து வந்துள்ளது. நிலத்தை அளப்பதற்கு ஆளும் பணமும் வேண்டும். அளந்ததை அச்சிடுவதற்குப் பொறியும் காகிதமும் வேண்டும். அச்சிட்டதைப் பிறர் கையிற் கொடுப்பதற்கு அதிகாரம் வேண்டும். பிரித்தானியாவில் 1791 இல் தொடங்கிய ஓட்னன்ஸ் சேர்வே என்னும் அளவை நிறுவனத்தின் பெயரே படைத்தளவாடச் சபையின் பெயரிலிருந்து வந்ததாகும். இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 2 ஆம் நாள் பிரித்தானிய ஆட்சியாளராலே தோற்றுவிக்கப்பட்டது. குடிமகன் ஒருவன் தேசப்படத்தை வாங்கலாம், வாசிக்கலாம். ஆனால் தானே ஒன்றை ஆக்கி ஊரறிய வைத்தல் அவனுக்கு எட்டாத காரியமாயிருந்தது. இந்நிலை பெரிதும் மாறியது 1990 களின் பின்னரே ஆகும். இன்று கணினியும் இணைய இணைப்பும் உடைய மாணவர் ஒருவர், எவருக்கும் பணம் செலுத்தாது, தமது ஊரின் தேசப்படத்தை உலகின் எப்பகுதியிலிருந்தும் காணத்தக்க வகையில் அமைத்துவிட முடிகின்றது.

இம்மாற்றத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர் பெயர்களையும் நிறுவனங்களின் வெற்றிகளையும் நிரற்படுத்திக் கூறுவதாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வாறன்றி, முதன்முறையாக இம்மென்பொருள்களைத் தம் கணினியில் அமைக்க முற்படும் தொடக்கநிலையாளர் ஒவ்வொரு காலத்திலும் எவ்விடத்தில் இடறினார் என்று நோக்குவது பயனுடையதாகும். திறந்த மூல மென்பொருள் என்பது, அதன் மூலநிரலை எவரும் வாசிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை வழங்குவது. ஆயினும் உரிமை வழங்கப்படுவது ஒன்று. அதனை அனுபவிக்கும் ஆற்றல் வாய்ப்பது பிறிதொன்று. இவ்விரண்டுக்குமிடையே கிடந்த தூரமே இவ்வரலாற்றின் உட்பொருள் எனலாம்.

கணினியிற் புவியியற் செய்திகளைக் கையாளும் இலவச மென்பொருளுள் மிக முந்தியவற்றுள் ஒன்று கிறாஸ் என்பதாகும். ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், தரைப்படையின் கட்டுமானப் பொறியியல் ஆய்வுகூடத்தில் 1982 இல் அதன் ஆக்கம் தொடங்கிற்று. படைமுகாம்களுக்குரிய பரந்த நிலங்களைப் பராமரிப்பதே அதன் நோக்கம். பொதுப்பணத்திற் பிறந்தமையால் அது பொதுவுடைமையாயிற்று. 1990 களில் தரைப்படை கைவிட்டபோது பல்கலைக்கழக ஆய்வாளர் எடுத்து வளர்த்தனர். ஆனால் கிறாஸ் தனிக் கணினியிற் பணியாற்றும் ஆய்வாளருக்கு உரியதேயன்றி, தேசப்படத்தைப் பிறர்க்கு அனுப்பும் கருவியன்று. அவ்வகையில் முதலடி 1993 இல் கலிபோர்னியாவிலுள்ள செறொக்ஸ் நிறுவன ஆய்வுகூடத்தில் வைக்கப்பட்டது. ஸ்ரீவ் புற்ஸ் என்பவர் அமைத்த அச்சேவை, வாசகர் அழுத்திய இடத்துக்கேற்ப உலகப் படத்தைப் புதிதாக வரைந்து உலாவிக்கு அனுப்பிற்று. உலகளாவிய வலை பொதுமக்கள் பாவனைக்கு வந்து ஈராண்டுகள்கூட நிறையாத காலம் அது என்பது மனங்கொளத்தக்கது.

இவ்வாறு ஒருவர் செய்து காட்டியதை எவரும் செய்யக்கூடியதாக்கிய பெருமை மினசோற்றாப் பல்கலைக்கழகத்துக்கு உரியது. 1990 களின் நடுப்பகுதியில் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் உதவியோடும் அம்மாநில இயற்கை வளத் திணைக்களத்தின் ஒத்துழைப்போடும் அங்கு வனவளம்பற்றிய திட்டமொன்று நடைபெற்றது. செய்மதிப் படங்களைக் காட்டு நிருவாகிகளின் கைக்கு எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்பதே அத்திட்டத்தின் முன்னிருந்த வினா. ஸ்ரீவ் லைம் என்பாரை முதன்மை ஆக்குநராகக் கொண்டு உருவாகிய மப்சேர்வர் என்னும் மென்பொருள் இதற்கு விடையாயிற்று. 1990 களின் இறுதியில் அது திறந்த மூலமாக வெளியிடப்பட்டது.

மப்சேர்வரின் இயக்கமுறை எளிமையானது. உலாவியிலிருந்து வேண்டுகோள் ஒன்று வந்ததும் சேவையகம் மென்பொருளை எழுப்பும். அது தன் முன் வைக்கப்பட்ட எழுத்துக் கோப்பு ஒன்றை வாசிக்கும். படத்தின் எல்லை யாது, அகல உயரங்கள் யாவை, வீதிகளின் தரவு எங்குளது, ஆறு எந்நிறம், எழுத்து எவ்வளவு பெரிது என்பன எல்லாம் அக்கோப்பில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். அவ்வாறே படத்தை வரைந்து அனுப்பிவிட்டு மென்பொருள் மீண்டும் அடங்கிவிடும். அடுத்த வேண்டுகோளுக்கு மறுபடியும் முதலிலிருந்தே எல்லாம். தேசப்படக் கோப்பு எனப்பட்ட அவ்வெழுத்துக் கோப்பே தொடக்கநிலையாளரின் முதற் பாடமும் முதற் சோதனையுமாகும். தரவு இருக்கும் இடத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலோ, எழுத்துருக்களின் பட்டியல் உரிய இடத்தில் இல்லாதுபோனாலோ, எல்லையை வேறோர் அலகில் எழுதிவிட்டாலோ படத்துக்குப் பதிலாக வெற்றுச் சதுரமொன்று தோன்றும். வழு அறிவித்தலாவது தவறு இன்னதெனக் கூறும். வெற்றுச் சதுரமோ எதனையும் கூறாது. எனினும் அக்கோப்பு மறைபொருள் எதுவும் இல்லாதது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பிறர் எழுதியதைப் பார்த்து ஒரு வரியை மாற்றி விளைவைக் காணலாம். இம்மென்பொருளை ஆசிரியர் இன்றியே கற்றோர் பலர் அவ்வழியிற் கற்றவரேயாவர்.

ஆனால் கோப்பை எழுதுமுன் மென்பொருளைக் கணினியில் நிலைநிறுத்த வேண்டுமே. அக்காலத் தொடக்கநிலையாளரின் பெரிய இடறல் இங்குதான் இருந்தது. மப்சேர்வர் தனித்து நிற்பதன்று. பல்வேறு வடிவத் தரவுகளை வாசிப்பதற்கு, பிராங்க் வோமர்டாம் 1998 இல் எழுதத் தொடங்கிய ஜிடால் என்னும் நூலகம் அதற்கு வேண்டும். உருண்டைப் புவியைத் தட்டைத் திரைக்கு மாற்றும் எறியக் கணக்குகளுக்கு, அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனத்தைச் சேர்ந்த ஜெறால்ட் எவென்டன் ஆக்கிய புரோஜ் வேண்டும். ஒவ்வொன்றையும் மூலநிரலிலிருந்து தொகுத்து, ஒன்றின் பதிப்பு மற்றொன்றின் பதிப்போடு ஒத்துப்போகுமாறு செய்தல் கணினி வல்லுநர்க்கே பல நாள் வேலையாகும். புவியியல் பயின்றவர் கணினியை அறியார். கணினி பயின்றவர் எறியத்தை அறியார். விண்டோஸ் கணினிகளுக்கெனத் தேவையான பகுதிகளை ஒரே பொதியாகக் கட்டித் தந்தோரும், நிறுவாமலே இயக்கிப் பார்க்கத்தக்க வட்டுகளை ஆக்கியோரும் புதிய கண்டுபிடிப்பு எதனையும் செய்தவரல்லர். ஆயினும் இவ்வரலாற்றில் அவர்களின் இடம் சிறியதன்று.

2001 ஆம் ஆண்டு இரு வகையிற் குறிப்பிடத்தக்கது. கனடாவின் விக்ரோறியா நகரிலிருந்த றிஃபிராக்சன்ஸ் நிறுவனம், போஸ்ற்கிறெஸ் தரவுத்தளத்துக்குப் புவியியல் அறிவூட்டும் போஸ்ற்ஜிஐஎஸ் என்னும் சேர்க்கையை அவ்வாண்டிலேயே வெளியிட்டது. ஒரு பாடசாலையிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்குள் எத்தனை வீடுகள் உள என்ற வினாவைத் தரவுத்தளத்திடமே கேட்டு விடைபெறுதல் இதனாற் சாத்தியமாயிற்று. அதே ஆண்டில், நியூயோர்க்கில் இலாப நோக்கற்ற அமைப்பொன்று, நகரத் திட்டமிடலிற் குடிமக்கள் பங்குபற்ற வேண்டுமாயின் திட்டப் படங்கள் அவர்களுக்குக் கிடைத்தல் வேண்டும் என்ற கருத்துடன் ஜியோசேர்வர் என்னும் மென்பொருளை ஆக்கத் தொடங்கிற்று. மப்சேர்வர் காட்டைக் காக்கப் பிறந்தது என்றால் ஜியோசேர்வர் நகரசபைக் கூட்டத்துக்கெனப் பிறந்தது. அதனை உலாவியிலேயே திறந்து, படிவங்களை நிரப்பிப் படலங்களைச் சேர்க்கலாம். எழுத்துக் கோப்புக்கு அஞ்சியோர் இதன்பால் ஈர்க்கப்பட்டமை இயல்பே.

இம்மென்பொருள்கள் ஒன்றோடொன்று உரையாடுவதற்குரிய பொதுமொழி 2000 ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டிருந்தது. எந்த நிறுவனத்தின் சேவையகமாயினும் ஒரே வடிவிலான வேண்டுகோளுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்பது அந்நியமம். நல்ல நோக்குடைய இந்நியமமே தொடக்கநிலையாளருக்கு வேடிக்கையானதொரு பொறியையும் வைத்தது. முந்திய பதிப்பில் நெடுங்கோடு முதலிலும் அகலக்கோடு பின்னரும் எழுதப்பட்டன. 2004 இல் வந்த பதிப்போ, 4326 என்னும் குறியெண்ணுடைய ஆள்கூற்று முறைக்கு அகலக்கோடே முன்வருதல் வேண்டும் என விதித்தது. மட்டக்களப்பு ஏறத்தாழ வடக்கு 7.7 பாகையிலும் கிழக்கு 81.7 பாகையிலும் உள்ளது. இவ்விரு எண்களும் இடம்மாறினால் அந்நகர் வடதுருவத்தை அண்டிய ஆட்டிக் சமுத்திரத்தின் நடுவே போய் நிற்கும். 4326 என்ற அவ்வெண்ணை ஐரோப்பிய எண்ணெய் நிறுவனங்களின் அளவையாளர் குழுவொன்று தொகுத்த பட்டியலிலிருந்தே உலகு எடுத்துக்கொண்டது என்பதை அதனை நாள்தோறும் தட்டெழுதுவோரிற் பலர் அறியார்.

இலங்கைத் தரவுகளைக் கையாள்வோர்க்கு இதனினும் அண்மையான இடறல் ஒன்றுண்டு. நில அளவைத் திணைக்களத்தின் பழைய நெய்யரியில் பிதுருதலாகலை மலையை அண்டிய மூலப்புள்ளிக்கு இரு திசையிலும் 2,00,000 மீற்றர் என எண் இடப்பட்டது. 1999 ஆம் ஆண்டின் புதிய நெய்யரியில் அது 5,00,000 மீற்றர் ஆயிற்று. புதிய ஆள்கூறுகளைப் பழைய நெய்யரிக்குரியனவாகக் கருதிவிட்டால் ஊர்கள் யாவும் கிழக்கே 300 கிலோமீற்றரும் வடக்கே 300 கிலோமீற்றரும் பெயர்ந்து வங்காள விரிகுடாவினுள் இறங்கிவிடும். மென்பொருள் இதனைத் தவறென உணராது. கடலுக்குள் வீதி இருத்தல் அதற்கு ஒவ்வாததன்று.

2005 ஆம் ஆண்டு பெப்ரவரியில் கூகிள் நிறுவனம் தனது தேசப்படச் சேவையைத் தொடங்கியதும் வாசகரின் எதிர்பார்ப்பு ஒரே நாளில் மாறிற்று எனின் மிகையாகாது. அதுவரை ஒவ்வொரு நகர்வுக்கும் முழுப்படமும் மீள வரையப்பட்டது, வாசகர் காத்திருந்தார். கூகிளோ உலகப் படத்தை 256 புள்ளி அகலமுடைய சதுர ஓடுகளாக முன்னரே வெட்டி வைத்தது. படத்தைக் கையாற் பற்றி இழுக்க, ஓடுகள் வந்து பொருந்தின. இம்முறையில் உருப்பெருக்கம் ஒரு படி ஏறுந்தோறும் ஓடுகள் நான்கு மடங்காகும். முதற்படியில் உலகு முழுவதும் ஓர் ஓடு. பதினெட்டு முறை பெருக்கியபின் ஏறத்தாழ 6,872 கோடி ஓடுகள். இத்தொகையை முழுவதும் வரைந்து வைத்தல் பெருநிறுவனத்துக்கே ஒல்லும். ஆதலால் கேட்கப்படும்போது மட்டும் வரைந்து, வரைந்ததைச் சேமித்து வைக்கும் உபாயத்தைத் திறந்த மூலத்தார் கைக்கொண்டனர். 2006 இல் மெற்றாகாற்றா நிறுவனத்தார் வெளியிட்ட ஓப்பின்லேயேர்ஸ், இத்தகைய இழுத்து நகர்த்தும் படத்தை எவரும் தம் பக்கத்தில் அமைக்க வழிசெய்தது.

கூகிள் பயன்படுத்திய எறியம் புவியைச் சீரான கோளமாகக் கொண்ட மேர்க்காற்றர் எறியமாகும். அளவையியலார் அதனை ஏற்க மறுத்து, தமது பட்டியலில் எண் வழங்காது விட்டனர். திறந்த மூல ஆக்குநர் தாமே 900913 என்று எண் சூட்டிப் பயன்படுத்தினர். அவ்விலக்கங்களை உரோம எழுத்துகளாகக் கொண்டு வாசிப்பின் கூகிள் என்ற பெயர் தோன்றும். சில ஆண்டுகளின் பின் அளவையியலாரும் இறங்கிவந்து 3857 என்ற எண்ணை வழங்கினர். அறிஞர் அவை மறுத்ததை வழக்கு ஏற்றுக்கொள்ளச் செய்த இந்நிகழ்ச்சி, இலக்கண வரலாறு கற்றோர்க்குப் புதுமையன்று.

இவ்வளவும் மென்பொருள் பற்றியன. மென்பொருள் அமைந்தபின் அதனுள் இடுவதற்குத் தரவு வேண்டும் என்ற உண்மை தொடக்கநிலையாளரைத் தாமதித்தே எதிர்கொள்கின்றது. ஐக்கிய அமெரிக்காவிற் கூட்டாட்சி அரசின் ஆக்கங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. 1990 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுக்கெனத் தொகுக்கப்பட்ட வீதித் தரவு எவரும் எடுக்கத்தக்கதாயிருந்தது. மப்சேர்வர் மினசோற்றாவிற் பிறந்தமைக்குத் தனியொருவரின் திறமையோடு இச்சட்ட நிலையும் காரணமாகும். பிரித்தானியாவின் நிலை வேறு. அங்கு அளவை நிறுவனத்தின் படங்கள் முடியின் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. 2001 இல் அப்படங்களைப் பிரதிபண்ணியமைக்காக வாகனச் சாரதிகள் சங்கமொன்று 2 கோடி பவுண் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொள்ள நேர்ந்தது. இச்சூழலிலேயே, 2004 இல், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மாணவராயிருந்த ஸ்ரீவ் கோஸ்ற் ஓப்பின் ஸ்ரீற்மப் என்னும் முயற்சியைத் தொடங்கினார். அரசு தராத படத்தை ஊரார் தாமே நடந்தும் மிதிவண்டியிற் சென்றும் செய்மதிவழி இடங்காணும் கருவியாற் பதிந்து ஆக்குவது என்பதே அதன் திட்டம். நகைப்புக்குரியதாகக் கருதப்பட்ட அம்முயற்சி உலகளாவியதாயிற்று. 2010 ஏப்ரலில் அளவை நிறுவனமும் தன் தரவின் ஒரு பகுதியை இலவசமாக வெளியிட்டது. அதே ஆண்டு ஜனவரி 12 ஆம் நாள் எயிற்றியிற் பூமியதிர்ச்சி ஏற்பட்டபோது, தலைநகர் போட்டோ பிறின்சின் வெறுமையான படத்தைப் பல நாடுகளின் தன்னார்வலர் செய்மதிப் படங்களைப் பார்த்துச் சில நாள்களில் நிரப்பினர். மீட்புப் பணியாளர் அதனையே கையிற் கொண்டு சென்றனர்.

2011 இல் உக்கிரேனியரான விளாடிமிர் அகஃபொன்கின் வெளியிட்ட லீவ்லெற் தொடக்கநிலையாளரின் வேலையை ஒரு சில வரிகளாகச் சுருக்கிற்று. ஓடுகளைப் பிறர் சேவையகம் தர, நிலைநிறுத்துதல் என்ற சொல்லுக்கே வேலையில்லாதுபோயிற்று. ஆனால் பிறர் தருவதை நம்பி வாழ்வதன் இடர் 2018 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு நடுப்பகுதியில் கூகிள் தனது தேசப்படத்தைப் பிற பக்கங்களிற் பதிப்பதற்குக் கட்டணக் கணக்குத் திறத்தலைக் கட்டாயமாக்கியதும், அதுவரை தடையின்றித் தோன்றிய படங்கள் பலவற்றின் மீது எச்சரிக்கை வாசகம் படர்ந்தது. தன் சேவையகத்தைத் தானே வைத்திருத்தலும் இடரற்றதன்று. 2024 இல் ஜியோசேர்வரின் பழைய பதிப்புகளிற் கடுமையான பாதுகாப்புக் குறைபாடு கண்டறியப்பட்டது. அதன்வழி அமெரிக்கக் கூட்டாட்சி நிறுவனமொன்றின் கணினிகளுள்ளே அந்நியர் நுழைந்தனர். நிலைநிறுத்துவது ஒருநாள் வேலையாகச் சுருங்கியுள்ள இக்காலத்திற் பேணுவதே நெடுநாள் வேலையாக எஞ்சியுள்ளது.

தமிழில் ஊர்ப்பெயர் எழுத விழைந்தோர்க்கு இன்னுமொரு தடை இருந்தது. மேற்கூறிய மென்பொருள்கள் உரோம எழுத்தை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டவை. எழுத்தை ஒன்றன்பின் ஒன்றாக இடமிருந்து வலமாக அடுக்குதலே அவற்றுக்குத் தெரிந்திருந்தது. இதனாற் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி போன்ற பெயர்களில் எழுத்துக்கு முன் நிற்கவேண்டிய கொம்பு பின்னே நின்றது. மென்பொருளும் சரி, தரவும் சரி, எழுத்துருவும் சரி. பெயர் மட்டும் வாசிக்க முடியாததாயிருந்தது. இத்தடை 2015 இலேயே நீங்கிற்று. அவ்வாண்டில் வெளிவந்த மப்சேர்வரின் ஏழாம் பதிப்பும், ஓப்பின் ஸ்ரீற்மப்பின் ஓடுகளை வரையும் மப்னிக் என்னும் மென்பொருளின் மூன்றாம் பதிப்பும் ஹாப்பஸ் என்னும் எழுத்தமைப்பு நூலகத்தை உள்வாங்கிக்கொண்டன. உலகப் படம் வலையேறி இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னரே அதன்மேல் தமிழ் ஊர்ப்பெயர் சிதையாது நிற்க முடிந்தது. இதனை எந்த மென்பொருள் வரலாறும் ஒரு திருப்புமுனையாகக் குறிப்பதில்லை.

இவை அனைத்தும் ஒன்றுசேர்ந்து இயங்கிய இடமாக மட்டக்களப்பைக் குறிப்பிடலாம். 1978 நவம்பரில் சூறாவளியையும், 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையையும், 2011 ஜனவரியிற் பெருவெள்ளத்தையும் கண்ட பிரதேசம் அது. அடுத்த இடர் வரின் எவ்வீடுகள் தாங்கும், எவை தாங்கா என்று அறிவதற்கு ஊர்ப் பெயரும் பிரதான வீதியும் காட்டும் படம் போதாது. ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியே வேண்டும். உலக வங்கியின் துணையுடன் 2013 அளவில் தொடங்கிய திட்டமொன்றின்கீழ் மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள ஏறத்தாழ 30,000 கட்டடங்கள் ஓப்பின் ஸ்ரீற்மப்பில் வரையப்பட்டன. செய்மதிப் படத்திற் கூரையின் வடிவு தெரியும். சுவர் கல்லா, பலகையா, கட்டடம் வீடா, கடையா என்பது தெரியாது. அதற்கெனக் களத்திற் சென்று கட்டடத்தின் மாடிகள் எத்தனை, சுவர் எதனாலானது, கூரை எதனாலானது, பயன் யாது என்பன பதியப்பட்டன. அனர்த்த முகாமைத்துவ நிலையம் இத்தகைய தரவுகளைப் பொதுவில் வைப்பதற்குத் தேர்ந்த ஜியோநோட் என்னும் மென்பொருள், ஜியோசேர்வரை அடிப்படையாகக் கொண்டு கட்டப்பட்டது. நியூயோர்க்கின் நகரத் திட்டமிடலுக்கெனத் தொடங்கிய நிரல் இவ்வழியே மட்டுநகர் வாவிக்கரையை வந்தடைந்தது.

அப்படத்தை வரைந்தோரிற் பலர் அதற்குமுன் தேசப்படம் வரைந்தறியாதவர். அவர்கள் இட்ட கட்டடங்களை இன்றும் எவரும் திறந்து பார்க்கலாம். ஒவ்வொன்றும் எந்நாளில் வரையப்பட்டது, பின்னர் எவராலேனும் திருத்தப்பட்டதா என்பதும் அருகே பதிவாகியிருக்கும். திருத்தம் எதுவும் பதியப்படாத இடங்களில் அப்படம் காட்டுவது, அளவையாளர் அத்தெருவழி நடந்த நாளின் மட்டக்களப்பையே ஆகும்.